கிணற்றடியில் கண்ட பறவை

பாறசாலைக்கு அருகே ஒரு விளையில் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பத்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் முக்கிய பாகத்தை இங்கே தருகிறேன்:

“ஐயா, எங்கள் வீட்டுக் கிணற்றடியில், வாழைச் சருகு குவிந்து கிடக்கும் இடத்தில், ஐப்பசி பிறந்தது முதல் ஒரு பறவை காலை வேளைகளில் தென்படுகிறது. மைனாவைவிடச் சிறியது. பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை, சந்தன நிறம் எல்லாம் அதன் மேனியில் இருக்கின்றன. அடிவயிற்றில் குங்குமம் கொட்டியது போன்ற சிவப்பு. சருகைப் புரட்டிப் புரட்டித் தத்தி நடக்கிறது. மகன் அதைப் பொன்மான் என்கிறான். அடுத்த வீட்டுச் சேச்சி மஞ்ஞக்கிளி என்கிறார். சிறிய மகள் வாலில்லாக் குருவி என்று பெயர் வைத்துவிட்டாள். சென்ற ஆண்டு இதே நாட்களில் இதைப் போன்ற ஒன்று விடியற்காலையில் எங்கள் திண்ணையில் விழுந்து கிடந்தது. கூடையால் மூடி, அரிசியும் பாலும் வைத்தோம். மறுநாள் இறந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. இவ்வாண்டு வந்திருப்பதைப் பிடித்து நன்றாக வளர்க்கலாம் என்று மகன் பிடிவாதம் செய்கிறான். இது என்ன பறவை? வளர்க்கலாமா?

பின்குறிப்பு: மாமியாரைக் கேட்டோம். அவருக்குக் கண் மங்கிவிட்டது. அந்தி நேரத்தில், ஆறு மணிக்குருவி கூவிவிட்டது, விளக்கை ஏற்று என்று நாள்தோறும் சொல்வார். அது வேறு ஏதோ குருவி. நாங்கள் அதைக் கண்டதில்லை.”

கேள்விகள் இரண்டு. வளர்க்கலாமா என்பதற்கு விடை ஒரே சொல்லில் அடங்கும்: கூடாது. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். என்ன பறவை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சென்ற ஆண்டுப் பறவை இறந்துபோனதற்கும், அது இன்னதென்று வீட்டார் அறியாமல் இருந்ததற்கும் தொடர்பு உண்டு.

பறவையை இனங்காணப் புகுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் ‘அங்க மச்ச அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் இருப்பதைப் பெற்றோர் அறிவர். அதில் எந்தத் தலைமையாசிரியரும் பிள்ளையின் சட்டை நிறத்தை எழுதியதில்லை. பறவையின் நிறமும் ஏறக்குறைய அப்படித்தான். நிழலில் பச்சை கறுப்பாகத் தோன்றும். இலைகளினூடே வெயில் விழுந்தால் மஞ்சள் வெள்ளையாகத் தோன்றும். ஆகவே நிறத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை நான்கு: அது எங்கே இருந்தது, எப்படி நடந்தது, வால் எவ்வளவு நீளம், எந்நேரத்தில் எவ்விதம் குரல் கொடுத்தது. இந்த அம்மையார் தம்மை அறியாமலேயே இந்நான்கையும் எழுதிவிட்டார். நான்காவது மட்டும் பின்குறிப்பில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மகன் சொன்ன பொன்மான், மலையாளத்தில் மீன்கொத்திக்குப் பெயர். பையனின் ஊகம் அடிப்படையற்றதன்று. வெண்மார்பு மீன்கொத்தி தண்ணீரை விட்டு வெகுதூரம் விலகி, விளைகளிலும் மின்கம்பிகளிலும் அமர்ந்திருப்பதை நாம் தினமும் காண்கிறோம். நீலமும் வெள்ளையும் அதற்கும் உண்டு. ஆனால் அதன் அலகு நீண்டு பருத்துச் சிவந்திருக்கும். உயரத்தில் அசையாமல் உட்கார்ந்து, இரையைக் கண்டதும் பாய்ந்து கொத்திக்கொண்டு மேலேறிவிடும். சருகைப் புரட்டிக்கொண்டு தரையில் உலாவும் வழக்கம் அதற்கில்லை.

சேச்சி சொன்ன மஞ்ஞக்கிளி நம் மாங்குயில். அது மர உச்சியை விட்டு இறங்குவது அரிது. அயனியிலும் பலாவிலும் இலைகளுக்குள் இருந்து புல்லாங்குழல் ஊதுவது போல் கூவும். கிணற்றடிச் சருகில் அதைத் தேடுவது வீண்.

இவ்வீட்டார் சொல்லாத ஒன்றும் உண்டு. உண்மையில் ஆளை ஏமாற்றக்கூடியது அதுதான். செந்தலைப் பூங்குருவி என்று ஒன்று இதே போல் நிழலில், இதே போல் சருகைப் புரட்டி, தரையிலேயே இரை தேடும். தொண்டை வெண்மையாக இருக்கும். முகத்தில் கருங்கோடுகளும் இருக்கும். எனினும் அதன் தலையும் வயிறும் ஆரஞ்சுப் பழ நிறம். முதுகு சாம்பல் கலந்த நீலம். மேனியில் எங்கும் பச்சையில்லை, அடிவயிற்றில் சிவப்பில்லை. வாலும் அளவாக இருக்கும். எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னவள் அந்தச் சிறு பெண்தான். வாலைப் பார்த்தாளே!

வால் மிகக் குட்டை, கால்கள் நீளம், உடல் பருமன், தரையில் தத்தும் நடை. உச்சந்தலையில் சந்தன நிறத்தின் நடுவே ஒரு கரும்பட்டை. கண்ணின் ஊடே அகன்ற கரும்பட்டை இன்னொன்று. தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளிலும் பிட்டத்திலும் பளீரென்ற நீலம், வயிறு வெளிறிய சந்தனம், வாலடியில் குங்குமச் சிவப்பு. எழுந்து பறந்தால் இறக்கையில் வெள்ளைத் திட்டு ஒன்று மின்னும். அலகு நுனியிலிருந்து வால்வரை 19 சென்டிமீட்டர் அளவு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. இது பிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த பறவை. அவ்வினத்தில் வேறு சில இந்தியாவின் வடகிழக்கிலும் வங்கக் கரையோரத்துச் சதுப்புக் காடுகளிலும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் உள்ளன. நம் பக்கத்துக்கு வருவது இது ஒன்றே. ஆகையால் மேற்கண்ட அடையாளங்கள் பொருந்தினால் வேறு ஐயத்துக்கு இடமில்லை.

தமிழில் இதற்குத் தோட்டக்கள்ளன் என்று ஒரு பெயர் உண்டு. மற்றொரு பெயர்தான் ஆறுமணிக்குருவி.

ஆம், மாமியார் நாள்தோறும் சொல்லும் அதே குருவி! அவருக்குக் குரல் தெரியும், பெயர் தெரியும், உருவம் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு உருவம் தெரியும், பெயர் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கிணற்றடியில், பாதிப் பறவை பாட்டியிடமும் பாதிப் பறவை பிள்ளைகளிடமும் இருந்திருக்கிறது. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அந்த மூதாட்டியை அந்திப்பொழுதில் கிணற்றடிக்கு அழைத்துப்போய், “அத்தை, இதுவா பாருங்கள்” என்று கேட்டிருந்தால் தபால் செலவு மிச்சமாகியிருக்கும்.

அதன் குரல் இரட்டைச் சீட்டி. முதற் சுரம் தெளிவாக எழும். இரண்டாவது சற்றுத் தாழ்ந்து இழையும். விடியலுக்கு முன்னரும் அந்தி மயங்கும் வேளையிலும் ஒன்று கூவ, அடுத்த விளையிலிருந்து இன்னொன்று மறுமொழி கொடுக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பகலில் பெரும்பாலும் வாய் திறக்காது. வானம் மூடிக்கிடந்தால் மட்டும் பகலிலும் கூவுவதுண்டு.

‘ஆறு மணி’ என்ற பெயரைப் பற்றி, நேரக் கணக்கிலேயே காலந்தள்ளும் ரயில்வே எழுத்தனாகிய நான் இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் கதிரவன் எழுவது காலை 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில், மறைவதும் மாலையில் ஏறக்குறைய அவ்வளவுக்குள்தான். குருவியோ கடிகாரத்தைப் பார்த்துக் கூவுவதில்லை. வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே நாம் இருப்பதால் வெளிச்சமும் கடிகாரமும் இங்கே அதிகம் பிணங்குவதில்லை. இதே குருவி கோடையில் வாழும் இமயத்தின் அடிவாரத்தில், ஆனி மாதத்தில், விடிவது 5.15 அளவில்; கதிரவன் மறைவது மாலை 7.20 அளவில். அவ்வூர்க்காரன் இதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டிருக்கவே முடியாது. ஆகவே இது தெற்கே வாழ்கிறவர்கள், தெற்கே வரும் பருவத்தில் கேட்டு வைத்த பெயர். பாறசாலை வழியாக இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979-இல். அதற்கு முன்பெல்லாம் இவ்விளைகளில் நேரம் சொல்லும் பொறுப்பில் இந்தக் குருவிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

கோடையில் இமயத்தடியில் வாழும் என்று சொன்னேன். விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இது நம் ஊர்ப் பறவை அன்று. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாகங்களிலும், மழை தொடங்கும் காலத்தில் புல்லும் சருகும் வேரும் கொண்டு உருண்டையாகக் கூடு கட்டி, குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே புறப்படுகிறது. புரட்டாசி ஐப்பசியில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்து, பங்குனி சித்திரையில் திரும்பிவிடுகிறது. இமயத்தடியிலிருந்து வரும் பறவையாயின், பாறசாலை வந்து சேர 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தாக வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து நம் வழியாக வடக்கே செல்லும் ஹிமசாகர் வண்டியில் ஏறுகிறவர், உட்கார்ந்தும் படுத்தும் உண்டும், மூன்று இரவுகள் கழித்து இமயத்தை எட்டுகிறார். அறுபது கிராம் எடையுள்ள இச்சிறு உயிர் தன் இறக்கையை நம்பி இரவு இரவாகப் பறந்து வருகிறது. தரையில் தத்துவதற்கென்றே படைத்தது போன்ற உருண்டை உடம்பு வேறு!

இப்போது திண்ணையில் விழுந்த பறவைக்கு வருவோம். ஐப்பசியில் விடியற்காலை என்று அம்மையார் எழுதியிருப்பதை மீண்டும் பாருங்கள். இரவெல்லாம் பறந்து களைத்த பறவை விளக்கு வெளிச்சத்தில் மயங்கி வீட்டுக்குள் புகுவதும், ஜன்னல் கண்ணாடியில் மோதுவதும், இறங்கிய இடத்தில் அசைய மாட்டாமல் கிடப்பதும் ஒவ்வோர் ஆண்டும் இப்பருவத்தில் பல இடங்களில் நடக்கின்றன. வெளிச்சம் வந்ததும் காக்கைகள் கூடிக் கொத்துகின்றன. பூனை இருக்கும் வீடானால் சொல்லவே வேண்டா. அந்தப் பறவைக்கு நோய் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டும் அமைதியும் சில மணி நேர ஓய்வுமே பல சமயங்களில் போதும். அதற்குக் கிடைத்ததோ அரிசி, பால், இடைவெளி உள்ள கூடை, சுற்றிலும் பிள்ளைகளின் கண்கள். இது புழு, பூச்சி, மண்புழு, நத்தை தின்னும் பறவை, அரிசியைத் தீண்டாது. பால் எந்தப் பறவைக்கும் ஆகாது. அன்பு இருந்தது, பெயர் தெரியாததால் அந்த அன்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மையார் இதைப் படித்து வருந்த வேண்டியதில்லை. நம்மில் பலர் அதையேதான் செய்திருப்போம்.

இனி ஒரு பறவை அவ்வாறு விழுந்தால் செய்ய வேண்டியது இது. மெல்லிய துணியைப் போர்த்தி, இறுக்காமல் எடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண அட்டைப்பெட்டியில் நாலைந்து துளையிட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடிவிட வேண்டும். பெட்டியை நிழலான, சந்தடியற்ற இடத்தில் வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழலில் இறங்கினால் அதுவே அதன் முடிவு. இரண்டு மணி நேரம் யாரும் திறந்து பார்க்கக்கூடாது. பிள்ளைகளை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி என்பதை நானறிவேன். பிறகு புதர் அடர்ந்த மூலைக்குப் பெட்டியைக் கொண்டுபோய், காக்கை இல்லாத சமயம் பார்த்துத் திறந்துவிட்டால் தானே போய்விடும். இறக்கை தொங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பின்னும் எழவில்லையென்றாலோ, வனத்துறை அலுவலகத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு விடை இதிலேயே வந்துவிட்டது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டாலும், பங்குனி வந்ததும் வடக்கே போயாக வேண்டிய பறவையைக் கம்பிக்குள் வைத்தால் அது என்ன பாடுபடும் என்பதை, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, விடுமுறைக்கு வண்டிச் சீட்டுக் கிடைக்காமல் தவித்த நம் குடும்பத்தார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகனுக்கு வளர்க்கும் ஆசை தீரவில்லையென்றால், கிணற்றடியில் அந்த வாழைச் சருகுக் குவியலைக் கூட்டிப் பெருக்கி எரித்துவிடாமல் சித்திரைவரை காவல் காக்கச் சொல்லுங்கள். சருகின் கீழே புழு உள்ளவரையில் பறவை அங்கே வரும். முற்றத்தைக் கண்ணாடி போல் வைத்திருப்பதில் நம் தாய்மார்களுக்குப் பெருமை உண்டு. ஒரு மூலையை மட்டும் இந்த விருந்தாளிக்காக விட்டுவைக்கலாம்.

மற்றொரு சிறு செய்தி. இதைப் பாடும் பறவை என்று பலர் எழுதுகிறார்கள். அறிஞர் கணக்கில் அது சரியன்று. பாடும் பறவைகள் எனப்படுபவை குஞ்சுப் பருவத்தில் பெரியவற்றிடம் கேட்டுத் தம் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. நம் வீட்டுக் கூரையில் விடியலில் விதவிதமாகப் பாடும் குண்டுகரிச்சான் அவ்வகை. மண்ணாத்திப்புள்ளு என்று மலையாளத்தார் சொல்வது அதைத்தான். பிட்டா இனத்துக்குக் குரல்வளையின் அமைப்பே சற்று எளியது. அதன் இரட்டைச் சீட்டி பிறவியிலேயே வாய்த்தது எனக் கருதுகிறார்கள். இமயத்தடியில் பொரித்த குஞ்சு, பாறசாலைக்கு வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பாட்டியின் விளக்கு நேரத்துக்குச் சீட்டியடிக்கிறது.

பெயரில் தடுமாறியது இந்த வீடு மட்டுமன்று. உயிர்களுக்கெல்லாம் இலத்தீனில் பெயரிட்ட லின்னேயஸ், 1766-இல் இந்தப் பறவையைக் காக்கைக் குடும்பத்தில் சேர்த்து, குட்டை வால் காக்கை என்று பொருள்படப் பதிவு செய்தார். பொன்மான் என்ற நம் பையன் அவரைவிட மோசமில்லை. 1816-இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கென்று தனியே ஓர் இனத்தை வகுத்தபோது, பிட்டா என்று பெயரிட்டார். அது தெலுங்குச் சொல். சிறு பறவை என்பது அதன் பொருள். இந்திக்காரர் நவரங்க் என்பார்கள், ஒன்பது நிறம் என்று. நான் எண்ணிப் பார்த்ததில் எட்டுக்கு மேல் தேறவில்லை. சிங்களவர் அதன் குரலையே பெயராக்கி அவிச்சியா என்கிறார்கள். அவர்களிடையே ஒரு கதையும் வழங்குகிறது: மயில் இதன் ஆடையைக் கவர்ந்துகொண்டு திருப்பித் தரவில்லையாம், அந்த ஆடையைக் கேட்டுத்தான் இது கூவுகிறதாம். இப்போது நம் விளைகளிலும் மயில் பெருகிவிட்டது. வாதியும் பிரதிவாதியும் ஒரே வாழைத்தோப்பில்தான் இருக்கிறார்கள்.

மலையாளத்தில் இதன் பெயர் காவி. சேச்சியிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது இப்பகுதி முழுதும் ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் களியக்காவிளைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பெயர், இஞ்சிவிளைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வேறு பெயர். இரண்டையும் அறிந்துகொள்ளும் வசதி நம் பிள்ளைகளுக்கு உண்டு. இந்துசூடன் என்ற புனைபெயரில் எழுதிய கே. கே. நீலகண்டனின் ‘கேரளத்திலெ பக்ஷிகள்’ 1958-இல் வெளிவந்தது. இங்குள்ள கிரந்தசாலைகளில் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு க. ரத்னம் தொகுத்த ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நல்ல துணை. கைப்பேசி உள்ள வீடுகளில், கார்னெல் பல்கலைக்கழகத்தார் இலவசமாக அளிக்கும் மெர்லின் என்னும் செயலி, குரலைக் கேட்டே பெயர் சொல்லும். சில வேளை தவறாகவும் சொல்லும்; ஆகையால் பாட்டியின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொள்க. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் விளையாட்டு மட்டும் வேண்டா. வேற்றுப் பறவை தன் எல்லையில் புகுந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டு அலையும்.

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து, 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்து ஒரு பறவை வரைபடமே ஆக்கியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். நம் குடும்பங்களும் ஒரு சிறு வேலை செய்யலாம். வீட்டு நாட்காட்டியில், ஆறுமணிக்குருவியின் குரலை இவ்வாண்டு முதலில் கேட்ட நாள் நினைவிருந்தால் குறியுங்கள். பங்குனி சித்திரையில் கடைசியாகக் கேட்ட நாளையும் குறியுங்கள். ஊர்ப் பெயருடன் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்பினால், வைகாசி இதழில் பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நிலைய வரிசைப்படி அட்டவணையாக வெளியிடுகிறேன். பாட்டிமார் கேட்டுச் சொன்ன தேதியானால் அதையும் அட்டையில் குறிப்பிடுக.